ஒரு பீப்பாய் கள்ளும் ஓர் அதிபரும்

இன்றைக்கு ஒரு கட்சிக்குப் புதுத் தேர்தல் கோஷம் வேண்டுமென்றால் முதலில் ஒரு கன்சல்டன்ட் வருவார். லேப்டாப்பைத் திறப்பார். சர்வே எடுப்பார், ஸ்லைடு காட்டுவார், நாலு மாதம் கழித்து மூன்று வார்த்தையும் கூடவே ஒரு பில்லும் நீட்டுவார். 1840-ல் அமெரிக்காவின் விக் கட்சிக்கு இந்தச் செலவே இல்லை. கோஷத்துக்குச் சரக்கு எடுத்துக் கொடுத்தவர்கள் ஆளுங்கட்சிக்காரர்கள். அதுவும் திட்டுகிறோம் என்று நினைத்துக்கொண்டு!

நடந்தது இதுதான். 1839 டிசம்பர். பென்சில்வேனியாவின் ஹாரிஸ்பர்க் நகரில் விக் கட்சி மாநாடு. வேட்பாளர் ஹென்றி கிளேதான் என்று பலரும் நம்பிக்கொண்டிருந்தார்கள். பெரிய பேச்சாளர், பழுத்த அனுபவம், எந்த விஷயத்திலும் தெளிவான கருத்து. அந்தக் கடைசித் தகுதிதான் காலை வாரிவிட்டது. கருத்து என்று ஒன்று இருந்தால் அது பிடிக்காதவன் என்று ஒருத்தன் இருப்பானே! கட்சி கூட்டிக் கழித்துப் பார்த்தது. ஒஹாயோ மாநிலத்தில் கோர்ட் கிளார்க்காக வேலை பார்த்துக்கொண்டிருந்த 66 வயது முன்னாள் ஜெனரல் ஒருவரைத் தேடிப் பிடித்தது. பெயர் வில்லியம் ஹென்றி ஹாரிசன். நாட்டின் முக்கியப் பிரச்னைகளைப் பற்றி அவர் என்ன நினைக்கிறார் என்று பெரும்பாலோருக்குத் தெரியாது. இதைவிட நல்ல வேட்பாளர் எங்கே கிடைப்பார்?

சேதி கேட்ட கிளே, "என் நண்பர்களைச் சுடுவதற்கு ஆகிற வெடிமருந்துக்குக்கூட அவன்கள் லாயக்கில்லை" என்று பொருமியதாகச் சொல்வார்கள். கட்சி அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை. தேர்தல் அறிக்கை என்று ஒன்றை வெளியிடும் வேலையையும் வைத்துக்கொள்ளவில்லை. வெளியிட்டால், அதை ஏன் செய்யவில்லை என்று பிறகு யாராவது கேட்டுத் தொலைப்பார்கள். ஹாரிசன் தன் கொள்கையைப் பற்றி ஒரு வார்த்தை பேசக் கூடாது என்று நிக்கோலஸ் பிடில் என்ற வங்கித் தலைவர் சில வருஷங்களுக்கு முன்பே யோசனை சொல்லியிருந்தார். ஆளும் ஜனநாயகக் கட்சிக்காரர்கள் ஹாரிசனுக்கு 'ஜெனரல் மம்' என்று பெயர் வைத்தார்கள். வாய் திறக்காத ஜெனரல்! விக் கட்சிக்காரர்கள் கோபப்படவில்லை. உண்மையைச் சொன்னால் எதற்குக் கோபம்?

இந்த நேரத்தில்தான் பால்டிமோரில் ஜனநாயகக் கட்சி ஆதரவுப் பத்திரிகை ஒன்று மேதாவித்தனமாக ஒன்றை எழுதியது. அதன் சாரம்: கிழவருக்கு ஒரு பீப்பாய் ஹார்ட் சைடரும் வருஷத்துக்கு 2,000 டாலர் பென்ஷனும் கொடுத்துவிடுங்கள், மனுஷர் தன் மரக்குடிசையில் கணப்பு அருகே உட்கார்ந்து தத்துவம் படித்துக்கொண்டு மிச்சக் காலத்தை ஓட்டிவிடுவார். ஹார்ட் சைடர் என்றால் வேறொன்றுமில்லை, ஆப்பிள் கள். அதாவது, இந்தக் குடிசைக்காரக் குடிகாரருக்கு எதற்கய்யா வெள்ளை மாளிகை என்று நக்கல். எழுதியவர் அன்றிரவு நன்றாகத் தூங்கியிருப்பார். அவர் கட்சி அடுத்த பதினோரு மாதம் தூங்கவில்லை.

ஏனென்றால் அமெரிக்காவில் அன்றைக்கு லட்சக்கணக்கானவர்கள் மரக்குடிசையில்தான் வாழ்ந்தார்கள். அவர்கள் குடித்ததும் ஆப்பிள் கள்தான். 'குடிசைக்காரனுக்கு எதுக்குப் பதவி' என்று படித்ததும் அவர்களுக்குச் சுருக்கென்றது. விக் கட்சிக்காரர்கள் பார்த்தார்கள். அட, நாமே யோசித்திருந்தால்கூட இப்படி வந்திருக்காதே! "ஆமாம்யா, எங்க ஆளு குடிசைக்காரர்தான். எங்க ஆளு கள்ளுதான் குடிப்பார். அதுக்கு இப்ப என்ன?" என்று தெருவில் இறங்கிவிட்டார்கள். வசவு ஒரு மாதத்துக்குள் சின்னமாகிவிட்டது.

இதில் ஒரே ஒரு சின்னச் சிக்கல். ஹாரிசன் குடிசைக்காரர் இல்லை.

வர்ஜீனியாவில் ஜேம்ஸ் ஆற்றங்கரையில் பெர்க்லி என்று ஒரு செங்கல் மாளிகை இருக்கிறது. அடிமைகள் உழைத்த பெரும் பண்ணை. அங்கேதான் பிறந்தார் நம் குடிசைக்காரர். அப்பா, அமெரிக்கச் சுதந்திரப் பிரகடனத்தில் கையெழுத்துப் போட்டவர்களில் ஒருவர், வர்ஜீனியாவின் கவர்னராகவும் இருந்தவர். பிள்ளை கொஞ்ச நாள் மருத்துவம்கூடப் படித்தார். சரி, ஒஹாயோவில் நார்த் பெண்ட் என்ற இடத்தில் குடியிருந்தாரே, அதுவாவது குடிசையா? அங்கே ஒரு மரக்குடிசை நிஜமாகவே இருந்தது. அதைச் சுற்றி அறைக்கு மேல் அறையாகக் கட்டிக்கொண்டே போனதில் குடிசை ஒரு பெரிய வீட்டின் வயிற்றுக்குள் போய்விட்டது. பிரசாரத்துக்கு அந்த வயிற்றை மட்டும் வெளியே எடுத்துக் காட்டினார்கள்.

கள் விஷயமும் அப்படித்தான். ஒரு காலத்தில் சாராயம் காய்ச்சி விற்றவர், அது பாவம் என்று மனம் மாறி, பொதுக்கூட்டத்திலேயே வருத்தம் தெரிவித்தவர் ஹாரிசன். அந்த மனுஷர் பெயரைச் சொல்லித்தான் நாடு முழுக்கப் பீப்பாய் பீப்பாயாக உடைத்தார்கள்!

ஜனங்கள் இந்தக் கோஷத்தை எடுத்துக்கொண்ட விதத்தை வர்ணிக்க வேண்டுமென்றால், திருவிழா என்றுதான் சொல்ல வேண்டும். ஊருக்கு ஊர் மரக்குடிசை கட்டினார்கள். வண்டியில் குடிசையை ஏற்றி ஊர்வலம் விட்டார்கள். வாசலில் ரக்கூன் தோல், பக்கத்தில் பீப்பாய், பீப்பாய்க்குப் பக்கத்தில் ஒரு சுரைக்குடுவை. யார் வேண்டுமானாலும் மொண்டு குடிக்கலாம், ஃப்ரீ! தட்டில் குடிசை, கைக்குட்டையில் குடிசை, ஷேவிங் சோப்பிலும் குடிசை. ஹொரேஸ் கிரீலி என்ற இளம் பத்திரிகையாளர் 'லாக் கேபின்' என்ற பெயரிலேயே ஒரு பத்திரிகை நடத்தினார், 80,000 பிரதி வரைக்கும் போனது. பத்திரிகையில் பாட்டுக்கு இடம் இருந்தது, வசவுக்கு இடம் இருந்தது. ஹாரிசன் அதிபரானால் என்ன செய்வார் என்பதற்குத்தான் இடம் போதவில்லை.

பெண்களுக்கு அப்போது ஓட்டு இல்லை. அதற்காகச் சும்மா இருப்பார்களா? டென்னசியில் இளம்பெண்கள் பட்டையில் எழுதி அணிந்துகொண்டு வந்தார்களாம்: விக் மாப்பிள்ளை கிடைத்தால் பார்ப்போம், இல்லையென்றால் மாப்பிள்ளையே வேண்டாம். கல்யாணமாகாத ஜனநாயகக் கட்சித் தொண்டர்களின் நிலைமையைக் கொஞ்சம் யோசித்துப் பாருங்கள்.

அடுத்து பந்து. ஆள் உயரத்துக்கும் மேலே பிரம்மாண்டமாகப் பந்து செய்து, உடம்பெல்லாம் கோஷம் எழுதி, ஊர் ஊராக உருட்டிக்கொண்டு போனார்கள். கிளீவ்லாந்திலிருந்து கொலம்பஸ் வரை ஒன்று உருண்டது. நூறு மைலுக்கு மேல்! வேலைவெட்டி இல்லையா என்று கேட்கத் தோன்றுகிறதா? நிஜமாகவே பலருக்கு இல்லை. அதற்கு அப்புறம் வருகிறேன்.

குடிசை மோகம் முற்றியதில் பரிதாபத்துக்குரியவர் டேனியல் வெப்ஸ்டர். விக் கட்சியின் பெருந்தலை, செனட்டையே கட்டிப்போடும் நாவன்மை. சாரடோகாவில் கூட்டத்தின் முன் நின்றார். ஐயா குடிசையில் பிறந்தவரா என்று மக்கள் முகத்தில் கேள்வி. பாவம், பிறக்கவில்லை. என்ன செய்வார்? எனக்குக் கொடுத்து வைக்கவில்லை, ஆனால் என் அண்ணனும் அக்காவும் குடிசையில்தான் பிறந்தார்கள் என்றார். அந்தக் குடிசையின் மிச்சம் நியூ ஹாம்ப்ஷயர் பனியில் இன்னும் இருக்கிறது, வருஷா வருஷம் போய்ப் பார்க்கிறேன், என் பிள்ளைகளையும் கூட்டிப்போய்க் காட்டுகிறேன் என்று உருகினார். ஏழையாகப் பிறக்காததற்கு ஒரு வி.ஐ.பி. மேடையில் விளக்கம் கொடுக்க வேண்டியிருந்தது. அவரை இந்த நிலைக்குத் தள்ளியது எதிர்க்கட்சி இல்லை, சொந்தக் கட்சிக் கோஷம்!

இனி அந்தப் புகழ்பெற்ற வரி. 'டிப்பெகனூ அண்ட் டைலர் டூ'. ஒஹாயோவின் ஜேன்ஸ்வில் ஊரில் நகைக்கடை வைத்திருந்த அலெக்ஸாண்டர் ராஸ் என்பவர் பழைய மெட்டு ஒன்றில் பாட்டாகக் கட்டினார். அது பற்றிக்கொண்டது. டிப்பெகனூ என்றால் ஹாரிசன் சண்டை போட்ட இடம். டைலர் என்றால் துணை அதிபர் வேட்பாளர் ஜான் டைலர். 'டூ' என்றால் 'அவரும் உண்டு'. சாம்பாரில் பெருங்காயம்போல அவர் கொஞ்சம். நியூயார்க்கின் முன்னாள் மேயர் பிலிப் ஹோன், அவரும் விக் கட்சிதான், இந்த ஜோடியைப் பற்றிப் பிற்பாடு சொன்னதைத் தமிழில் சொன்னால் இப்படி வரும்: சந்தம் இருந்தது, சங்கதி இல்லை.

அந்த டிப்பெகனூவையும் ஒரு எட்டுப் போய்ப் பார்த்துவிடலாம். 1811 நவம்பர் 7, விடியாத நேரம். இண்டியானா பகுதியின் கவர்னர் ஹாரிசன், சுமார் ஆயிரம் பேருடன் பூர்வகுடிகளின் ஊர் ஒன்றை நெருங்கி முகாம் போட்டிருந்தார். இரண்டே வருஷம் முன்பு ஓர் ஒப்பந்தத்தில் அவர்களுடைய லட்சக்கணக்கான ஏக்கரை எழுதி வாங்கியவரும் இவர்தான். இருட்டில் அவர்கள் தாக்கினார்கள். ஹாரிசன் பக்கம் செத்தவர்களும் காயம்பட்டவர்களுமாக 180-க்கு மேல். எதிர்த்தரப்பின் மாபெரும் தலைவர் டெக்கும்சே அன்றைக்கு ஊரிலேயே இல்லை. கூட்டணி பேச தெற்கே போயிருந்தார், தம்பியைப் பொறுப்பில் விட்டுவிட்டு. மறுநாள், ஜனங்கள் காலி செய்துவிட்டுப் போன ஊருக்குத் தீ வைத்தார்கள். மாவீரம் என்று முப்பது வருஷம் கழித்து நாடே பாடியது இந்தக் காரியத்தைத்தான். எரிந்த ஊர்க்காரர்களிடம் யாரும் கருத்துக் கேட்கவில்லை.

அதைவிட வேடிக்கை, 1813-ல் தேம்ஸ் என்ற இடத்தில் ஹாரிசன் நிஜமாகவே பெரிய வெற்றி ஒன்று பெற்றார். டெக்கும்சே உயிர்விட்டது அங்கேதான். பிறகு ஏன் அதைக் கோஷமாக்கவில்லை? நீங்களே சொல்லிப் பாருங்கள். 'தேம்ஸ் அண்ட் டைலர் டூ.' நாக்கில் ஏறுகிறதா? அவ்வளவுதான் சார் வரலாறு.

ஜனநாயகக் கட்சியிடமும் ஒரு தேம்ஸ் வீரர் இருந்தார். துணை அதிபர் ரிச்சர்ட் ஜான்சன். டெக்கும்சேயைக் கொன்றது இவர்தான் என்று இவர் ஆட்கள் சொல்லிக்கொண்டார்கள். அதற்கும் ஒரு கோஷம் வைத்திருந்தார்கள்: 'ரம்ப்ஸி டம்ப்ஸி, ரம்ப்ஸி டம்ப்ஸி, கர்னல் ஜான்சன் டெக்கும்சேயைக் கொன்றார்.' பெரியவர்கள்தான் இதைக் கத்தினார்கள், எல்.கே.ஜி. பிள்ளைகள் இல்லை. துணை அதிபராக இருக்கும்போதே ஜான்சன் கென்டக்கியில் போய் ஒரு விடுதியை நடத்திக்கொண்டிருந்தார். மனுஷரை வைத்துக்கொள்வதா விடுவதா என்று 1840 மாநாட்டில் குழம்பிய கட்சி, கடைசியில் துணை அதிபருக்கு யாரையுமே நிறுத்தாமல் எழுந்து போய்விட்டது. அந்தப் பக்கம் 'டைலர் டூ'. இந்தப் பக்கம் 'நோபடி டூ'.

பதவியில் இருந்த அதிபர் மார்ட்டின் வான் பியூரன்தான் இந்தக் கதையில் உண்மையான ஏழை வீட்டுப் பிள்ளை. நியூயார்க் மாநிலத்தின் கிண்டர்ஹுக் கிராமத்தில் அப்பா சாராயக் கடையோடு சேர்ந்த சத்திரம் நடத்தினார். பையன் அங்கே எடுபிடி வேலை பார்த்து, சட்டம் படித்து, படிப்படியாக ஏறி வந்தவர். ஒரே குற்றம், நன்றாக டிரெஸ் பண்ணிக்கொள்வார். போதாதா? 1840 ஏப்ரலில் சார்லஸ் ஓகிள் என்ற விக் உறுப்பினர் பிரதிநிதிகள் சபையில் எழுந்தார். வெள்ளை மாளிகையின் நாற்காலி, திரைச்சீலை, கண்ணாடி, கை கழுவும் கிண்ணம், தங்க ஸ்பூன் என்று ஒவ்வொன்றாகச் சொல்லி, மூன்று நாள் பேசினார். அது அரண்மனையாம், வான் பியூரன் ராஜாவாம். லெவி லிங்கன் என்ற இன்னொரு விக் உறுப்பினருக்கே மனசாட்சி உறுத்தி, இந்த அதிபர் அப்படியொன்றும் செலவு செய்யவில்லை என்று எழுந்து சொன்னார். ஓகிளின் பேச்சைக் கட்சி அச்சடித்து நாடு முழுக்க அனுப்பியது. லிங்கன் சொன்னதை அனுப்ப ஏனோ மறந்துவிட்டது.

ஆக, மாளிகையில் பிறந்தவர் குடிசைக்காரர், கள்ளுக்கடைப் பையன் பிரபு. ஜனநாயகக் கட்சிப் பத்திரிகைகள் தலையில் அடித்துக்கொண்டன. ஹாரிசனின் அப்பா யார், வீடு எப்படி என்று ஆதாரத்தோடு எழுதின. அத்தனையும் உண்மை. ஆனால் கையில் குடுவையோடு பாடிக்கொண்டிருப்பவனிடம் ஆதாரத்தை நீட்டினால் அவன் என்ன செய்வான்? அதையும் பாட்டில் சேர்த்துக்கொள்வான்.

பதிலடி கொடுக்காமலும் இல்லை. ஹாரிசனைப் 'பாட்டியம்மா' என்றார்கள், 'பாவாடை ஜெனரல்' என்றார்கள். அவர் பெயரை ஆங்கில எழுத்தில் பின்னாலிருந்து படியுங்கள், 'நோ சிர்ரா' என்று வருகிறதே, கிட்டத்தட்ட 'முடியாது போடா', ஆண்டவனே தீர்ப்பு எழுதிவிட்டான் என்றார்கள். வாட்ஸப் இல்லாத காலத்திலேயே இந்த லெவல்! கடைசியில் வான் பியூரனின் ஊர்ப்பெயரை வைத்து 'ஓல்டு கிண்டர்ஹுக்' என்று சங்கம் ஆரம்பித்து, சுருக்கமாக 'ஓ.கே.' என்று வைத்தார்கள். முந்தின வருஷம்தான் பாஸ்டன் பத்திரிகை ஒன்றில் ஜோக்காகப் பிறந்திருந்த எழுத்துகள் அவை. உடனே விக் கட்சிக்காரர்கள், ஓ.கே. என்றால் 'அவுட் ஆஃப் கேஷ்' என்று பொழிப்புரை எழுதினார்கள். காசு காலி!

அது கொஞ்சம் வலிக்கிற ஜோக். 1837-ல் வங்கிகள் கவிழ்ந்து, நாடு படுத்துவிட்டது. வேலை போனவர்கள், கடனில் நிலம் போனவர்கள் ஊருக்கு ஊர் இருந்தார்கள். வான் பியூரன் பதவியேற்ற சில வாரங்களில் வந்த நெருக்கடி அது. விதை போட்டது முந்தின ஆட்சிக் காலம், அறுவடைக்கு நின்றவர் இவர். 'மார்ட்டின் வான் ரூயின்' என்று பட்டமே வைத்தார்கள். பந்தை நூறு மைல் உருட்ட ஆள் எங்கிருந்து கிடைத்தார்கள் என்று இப்போது புரிகிறதா? என்னைக் கேட்டால் குடிசையும் கள்ளும் இல்லாவிட்டாலும் ஹாரிசன் ஜெயித்திருப்பார். பட்டினியோடு ஓட்டுப் போட வேண்டியதை ஜனங்கள் பாடிக்கொண்டு போட்டார்கள், அவ்வளவுதான் வித்தியாசம்.

ஜெனரல் மம்கூட ஒரு கட்டத்தில் வாய் திறந்துவிட்டார். வேட்பாளரே மேடையேறித் தனக்கு ஓட்டுக் கேட்பது அநாகரிகம் என்று நினைத்த காலம் அது. 'பாட்டியம்மா' என்ற பேச்சு உறுத்தியிருக்க வேண்டும். ஜூன் மாதம் கொலம்பஸில் ஆரம்பித்து ஊர் ஊராகப் பேசினார். அதிபர் வேட்பாளர் ஒருவர் இப்படிப் பிரசாரம் செய்தது அதுதான் முதல் தடவை. இன்றைக்கு டி.வி.யைப் போட்டால் விடிய விடியத் தேர்தல் பேச்சு ஓடுகிறதே, யாரைத் திட்டுவது என்று தெரியாதவர்கள் இவரைத் திட்டலாம்.

ரிசல்ட்? 1836-ல் சுமார் 58 சதவீதமாக இருந்த வாக்குப்பதிவு 80 சதவீதத்தைத் தொட்டது. தேர்வாளர் ஓட்டு ஹாரிசனுக்கு 234, வான் பியூரனுக்கு 60. சொந்த மாநிலமான நியூயார்க்கே ஓல்டு கிண்டர்ஹுக்கைக் கைவிட்டது. கோஷம் ஜெயித்தது. இனி ஆட்சி.

ஆட்சி ஒரு மாதம் நடந்தது.

1841 மார்ச் 4. குளிர் நடுக்கும் நாள். 68 வயது பாட்டியம்மா இல்லை என்று நிரூபிக்க வேண்டுமே! ஓவர்கோட் போடாமல் குதிரையில் வந்தார் ஹாரிசன். 8,445 வார்த்தைப் பதவியேற்பு உரையை ஏறக்குறைய இரண்டு மணி நேரம் வாசித்தார். இன்றுவரை அதுதான் ரெக்கார்டு. இது வெப்ஸ்டர் வெட்டிச் சுருக்கிய பிறகு! உரை முழுக்க ரோமானியர்களாக இருந்ததால், பதினேழு ரோமானிய ஆளுநர்களை இப்போதுதான் கொன்றுவிட்டு வருகிறேன் என்று வெப்ஸ்டர் அலுத்துக்கொண்டதாகக் கதை உண்டு. பிரசாரம் முழுக்கக் கொள்கை பேசக் கூடாது என்று வாயைக் கட்டிப்போட்டிருந்தார்கள் அல்லவா, மொத்தத்தையும் அன்றைக்குத் தீர்த்துக்கொண்டார். ஏப்ரல் 4-ம் தேதி இறந்துபோனார். குளிரில் வந்த நிமோனியா என்றுதான் வெகுகாலம் சொன்னார்கள். வெள்ளை மாளிகைக்கு வந்த அசுத்தத் தண்ணீர்தான் காரணம் என்று இப்போது சில மருத்துவர்கள் சொல்கிறார்கள். கள்ளையே குடித்திருக்கலாம்.

அப்போதுதான் அத்தனை பேருக்கும் கோஷத்தின் இரண்டாம் பாதி ஞாபகம் வந்தது. டைலர் டூ!

யார் இந்த டைலர்? ஏற்கெனவே ஜனநாயகக் கட்சியில் இருந்து முறைத்துக்கொண்டு வெளியே வந்தவர். தெற்கத்தி ஓட்டுக்காகச் சேர்த்தார்கள், பாட்டிலும் பொருந்தினார். விக் தலைவர்களின் பெருங்கனவு தேசிய வங்கி. அது அவருக்கு ஆகவே ஆகாது. இதையெல்லாம் கேட்டிருக்கலாமே என்றால், அறிக்கையே வேண்டாம் என்றவர்கள் அவரிடம் மட்டும் என்னவென்று கேட்பார்கள்? வங்கி மசோதாவை அனுப்பினார்கள், வீட்டோ. மாற்றி எழுதி அனுப்பினார்கள், மறுபடி வீட்டோ. முந்தின வருஷம் 'டைலர் டூ' என்று தொண்டை கிழியக் கத்திய அதே கட்சித் தொண்டர்கள் ராத்திரியில் வெள்ளை மாளிகை வாசலுக்கு வந்து மேளம் கொட்டி, அவர் கொடும்பாவியைக் கொளுத்தினார்கள். 1841 செப்டம்பரில் வெப்ஸ்டர் தவிர மந்திரிகள் அத்தனை பேரும் ராஜினாமா. இரண்டே நாளில் அதிபரைக் கட்சியைவிட்டே நீக்கிவிட்டார்கள். கட்சி இல்லாத அந்த அதிபர் அசராமல் மிச்ச மூன்றரை வருஷத்தையும் முழுசாக ஓட்டினார்.

ஹாரிசன் குடும்பம் அதோடு விடவில்லை. 1888-ல் ஹாரிசனின் பேரன் பெஞ்சமின் குடியரசுக் கட்சி வேட்பாளராக நின்றார். கட்சிக்காரர்கள் பரணிலிருந்து பழைய சாமான்களை இறக்கினார்கள். தாத்தாவின் தொப்பி பேரனுக்கு அளவாக இருக்கிறது என்று புதுப்பாட்டு. மேரிலாந்திலிருந்து இண்டியானாபொலிஸில் அவர் வீடுவரை மறுபடி ஒரு ராட்சதப் பந்து. குரோவர் கிளீவ்லாந்தைவிட மக்கள் ஓட்டு குறைவாக வாங்கியும் தேர்வாளர் ஓட்டில் ஜெயித்து உள்ளே போனார். 'பக்' பத்திரிகையின் கார்ட்டூனிஸ்ட் ஜோசப் கெப்ளர் அந்தத் தொப்பிப் பாட்டை விடவில்லை. ஒரு பிரம்மாண்டத் தொப்பியை வரைந்து, அதற்கடியில் பெஞ்சமினைக் குட்டியாக வைத்தார். ஆட்சி ஓட ஓட ஆள் சிறுத்துக்கொண்டே போனார். 1892 தேர்தலில் அதே கிளீவ்லாந்து திரும்ப நின்று அவரைத் தோற்கடித்தார்.